அமெரிக்கத் தேர்தல் நாளில் வாக்காளர்களைக் காரில் அழைத்துச் செல்ல: தன்னார்வ ஓட்டுநருக்கு முழு வழிகாட்டி

காரும் லைசென்ஸும் இருந்தால் போதும், தேர்தல் அன்று நாலு பேரை வாக்குச்சாவடியில் இறக்கிவிடலாம் என்று நினைத்துத்தான் பலரும் பெயர் கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு ஓட்டுநர்களுக்கு அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தபோது தெரிந்தது, புதியவர்கள் தடுமாறுவது சாலையில் இல்லை. தவறான சாவடி, வீட்டிலேயே மறந்த அடையாள அட்டை, திரும்பக் கூட்டிவர ஆளில்லாமல் போவது, இந்த மூன்றில்தான் ஒரு ஓட்டு வீணாகிறது. மூன்றையும் முன்கூட்டியே தீர்த்துவிடலாம். அதனால் இந்த வழிகாட்டியில் கார் ஓட்டும் பகுதி பாதிக்குப் பிறகுதான் வரும்.

2026இல் தேர்தல் நாள் நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை. கீழே உள்ள வேலைகளை மூன்று வாரம் முன்னதாகத் தொடங்கினால் அவசரமில்லாமல் முடிக்கலாம்.

1. நீங்கள் இதைச் செய்யலாமா?

செய்யலாம். ஓட்டுரிமை இல்லாதவர்களும் செய்யலாம். கிரீன் கார்டில் இருப்பவர், எச்1பி விசாவில் இருப்பவர், யாரானாலும் சம்பளம் வாங்காமல் அண்டை வீட்டுக்காரரைக் காரில் கூட்டிப்போய் விடுவதைச் சட்டம் தடுக்கவில்லை.

ஆனால் குடியுரிமை இல்லாதவர் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். சாவடிக்குள் போனதும் யாராவது நல்லெண்ணத்தில் ஒரு வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டி, "நீங்களும் நிரப்புங்களேன்" என்பார்கள். வாங்காதீர்கள். கையெழுத்தும் போடாதீர்கள். அந்தப் படிவத்தில் குடிமகன் என்று உறுதிமொழி கொடுப்பதும், கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவதும் நாடுகடத்தல் வரை கொண்டுபோகும் குற்றங்கள். தெரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்லிப் பெரிய பயன் இருக்காது.

நம்மில் பலருக்கு இன்னொரு தயக்கமும் உண்டு: ஊரில் இது குற்றமாயிற்றே? உண்மைதான். இந்தியாவில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(5) பிரிவின்படி, வேட்பாளர் தரப்பு வண்டி ஏற்பாடு செய்து வாக்காளர்களை இலவசமாகச் சாவடிக்கு ஏற்றிச் செல்வது தேர்தல் முறைகேடு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. ஓட்டுப் போடுவதற்காகப் பணமோ பொருளோ கொடுப்பது குற்றம். ஓட்டுப் போடப் போவதற்கு வழி செய்து கொடுப்பது, அதாவது காரில் கூட்டிப்போவது, அதில் சேராது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் அன்று எழும் பாதிச் சந்தேகங்களுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

2. யார் பெயரில் ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழி உண்டு: ஒரு கட்சியின் பிரசாரக் குழு, கட்சி சாராத அமைப்பு, அல்லது நீங்களும் நண்பர்களும் மட்டும். முதல்முறை ஓட்டுபவருக்குக் கட்சி சாராத அமைப்பையே நான் சொல்வேன். அழைப்பு வரிசை, தொலைபேசியில் பேச ஒரு ஆள், சிக்கல் வந்தால் கேட்க ஒரு எண், எல்லாம் அங்கே தயாராக இருக்கும். விசாவில் இருப்பவருக்கு இது இன்னும் பொருத்தம். பிரசாரத்தோடு சேரும்போது வெளிநாட்டவருக்குத் தேர்தல் நிதிச் சட்டம் விதிக்கும் கட்டுப்பாடுகளை இதில் யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் தமிழ்ச் சங்கமோ கோயிலோ இதை நடத்துவதாக இருந்தால், அது 501(சி)(3) வகை அமைப்பா, அதாவது வரிவிலக்கு பெற்ற அறநிறுவனமா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அந்த வகை அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. கேட்பவர் எவராக இருந்தாலும், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கார் போக வேண்டும். "நம்ம ஆளுக்குப் போடுவாரா" என்று ஜாடையாகக் கேட்டுவிட்டு வண்டி அனுப்புவது அமைப்பின் வரிவிலக்குக்கே ஆபத்து.

3. ஒரு மாலை ஒதுக்கி மாநில விதிகளைப் படியுங்கள்

அமெரிக்காவில் தேர்தல் நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பக்கத்து மாநில நண்பர் சொன்னதை நம்பி நடப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் இவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாவடி எத்தனை மணிக்கு மூடுகிறது? நியூயார்க்கில் இரவு 9 மணி. நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் 8 மணி. டெக்சஸிலும் வர்ஜீனியாவிலும் 7 மணி. இண்டியானாவில் மாலை 6 மணிக்கே மூடிவிடுவார்கள். உங்கள் கடைசிப் பயணம் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை இந்த ஒரு எண் தீர்மானிக்கிறது.

பிரசாரம் தடைசெய்யப்பட்ட எல்லை எவ்வளவு? பல மாநிலங்களில் 100 அடி. லூசியானாவில் 600 அடி. காரின் பின்னால் ஒட்டிய வேட்பாளர் ஸ்டிக்கரும், நீங்கள் போட்டிருக்கும் வேட்பாளர் தொப்பியும் பிரசாரமாகக் கணக்கிடப்படலாம்.

அடையாள அட்டை வேண்டுமா, எந்த அட்டை? டெக்சஸ், ஜார்ஜியா, இண்டியானா போன்ற மாநிலங்களில் படம் உள்ள அட்டை கேட்பார்கள். மின்னசோட்டா, விஸ்கான்சின் போன்ற இடங்களில் தேர்தல் அன்றே பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு முகவரிச் சான்று வேண்டும்.

ஓட்டுநருக்கென்று தனி விதி ஏதும் உண்டா? டெக்சஸில் காரில் இருந்தபடி ஓட்டுப் போடும் பலரைக் கூட்டிவருபவர் படிவம் நிரப்ப வேண்டிய சூழ்நிலைகள் உண்டு. சாவடியின் 100 அடிக்குள் அங்கே கைப்பேசி பயன்படுத்தவும் கூடாது. ஜார்ஜியாவில் 2021இல் வந்த சட்டம், சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவர்களுக்கு உணவோ தண்ணீரோ கொடுப்பதைத் தடைசெய்கிறது. வெயிலில் நிற்கிறார்களே என்று தண்ணீர் பாட்டில் நீட்டுவது நமக்கு இயல்பு. அதனால்தான் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். உங்கள் பயணிக்கு வேண்டியதைக் காருக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள்.

4. காரும் காப்பீடும்

உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கூப்பிட்டு, "காசு வாங்காமல் தன்னார்வலராக ஆட்களை ஏற்றிச் செல்கிறேன், என் பாலிசி இதற்குச் செல்லுமா?" என்று கேளுங்கள். வழக்கமாகச் செல்லும். கூலிக்கு ஓட்டுவதைத்தான் சாதாரண பாலிசிகள் விலக்கி வைக்கின்றன. அதனால் பயணி அன்போடு பெட்ரோலுக்கென்று பத்து டாலர் நீட்டினாலும் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் அந்தப் பத்து டாலரே கேள்வியாக வந்து நிற்கும்.

501(சி)(3) அமைப்புக்காக ஓட்டி, வரிக் கணக்கில் செலவுகளை விவரமாகப் பிரித்துக் காட்டுபவர் மைலுக்கு 14 சென்ட் கழிக்கலாம். கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஓட்டினால் இந்தக் கழிவு கிடையாது.

காரில் இருக்க வேண்டியவை: கைப்பேசி சார்ஜர், குடை, தண்ணீர், டிஷ்யூ, ஒரு பெரிய பிளாஸ்டிக் பை (எதற்கென்று எட்டாம் பகுதியில் சொல்கிறேன்), மூக்குக் கண்ணாடி மறந்தவருக்காக ஒரு சாதாரண வாசிப்புக் கண்ணாடி. பின் டிக்கியைக் காலி செய்யுங்கள். மடித்த வீல்சேருக்கு அந்த இடம் முழுவதும் வேண்டும்.

5. முன்கூட்டியே தொலைபேசியில் பேசுங்கள்: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

தேர்தலுக்கு நாலைந்து நாள் முன்னால் ஒவ்வொரு பயணியையும் கூப்பிட வேண்டும். "எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறார்கள் புதியவர்கள். அது கடைசிக் கேள்வி. நான் கேட்கும் வரிசை இது.

முதலில், பதிவு இன்னும் செல்லுமா? மாநிலத் தளத்தில் பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களைக் கொடுத்தால் தெரிந்துவிடும். அவரே பார்க்கட்டும், முடியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டிப் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எழுதி வாங்காதீர்கள்.

இரண்டாவது, பதிவில் எந்த முகவரி இருக்கிறது? வீடு மாறியவர் பழைய வீட்டின் சாவடிக்குப் போக வேண்டியிருக்கலாம். இதில்தான் ஒருமுறை நான் சிக்கினேன். மகன் வீட்டுக்குக் குடிவந்துவிட்ட ஒரு அம்மாவை, மகன் வீட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூடச் சாவடிக்கு அழைத்துப் போனேன். அவர் பெயர் 25 மைல் தள்ளி, பழைய வீட்டின் சாவடியில் இருந்தது. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகுதான் தெரிந்தது. வலிக்கும் முழங்காலோடு அவர் மறுபடி காரில் ஏறியபோது சொன்னது இதுதான்: "பரவாயில்லை தம்பி, போகலாம்." தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த முக்கால் மணி நேரம் அவருக்கு மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது, தபால் ஓட்டுச் சீட்டு வீட்டுக்கு வந்திருக்கிறதா? வந்திருந்தும் நேரில் போட விரும்பினால், சில மாநிலங்களில் அந்தச் சீட்டை எடுத்துவந்து ஒப்படைக்க வேண்டும். பென்சில்வேனியாவில் சீட்டையும் உறையையும் கொண்டுவராவிட்டால் தற்காலிக ஓட்டுத்தான் (தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணப்படும் ஓட்டு) போட முடியும். "கவரை நீங்களே பெட்டியில் போட்டுடுங்களேன்" என்று உங்கள் கையில் தரப் பார்ப்பார்கள். பிறர் சீட்டை யார் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்பதில் பல மாநிலங்கள் கண்டிப்பு. சீட்டைத் தொடாமல், அவரையே பெட்டி இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

நான்காவது, உடல் வசதி. "நடக்க முடியுமா?" என்று கேட்டால் எல்லாரும் முடியும் என்றுதான் சொல்வார்கள். "வீட்டு வாசலில் எத்தனை படி? வாக்கரா, வீல்சேரா? எவ்வளவு நேரம் நிற்க முடியும்?" என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

ஐந்தாவது, கூட யார் வருகிறார்கள்? குழந்தை வந்தால் கார் சீட் அவர்களிடமே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அது இல்லாமல் குழந்தையை ஏற்ற முடியாது.

ஆறாவது, ஆங்கிலம் படிப்பதில் சிரமம் உண்டா? நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் குடியுரிமை வாங்கியும் இதற்காகவே ஓட்டுப் போடாமல் இருக்கிறார்கள். பத்தாம் பகுதியில் இதற்கு வழி இருக்கிறது. இப்போதே சொல்லிவிடுங்கள், அன்று தைரியமாக வருவார்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் நேரம். கூடவே சாவடியின் பெயர், முகவரி, கொண்டுவர வேண்டிய அட்டை, இந்த மூன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நாம் சொன்னதை அவர் கேட்டார் என்பதற்கு அது ஒன்றுதான் உறுதி.

பேசும்போதே முன்கூட்டி ஓட்டளிக்கும் நாட்களைப் பற்றியும் சொல்லுங்கள். உடம்புக்கு முடியாதவருக்குக் கூட்டமில்லாத ஒரு வார நாள் எவ்வளவோ மேல். ஒன்று மட்டும் கவனம்: முன்கூட்டி ஓட்டளிக்கும் இடமும் தேர்தல் நாள் சாவடியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

6. நேரத்தைப் பிரிப்பது

தேர்தல் நாள் நாடு முழுவதும் விடுமுறை இல்லை. வேலைக்குப் போகும் முன்பும், வேலை விட்டு வரும்போதும் வரிசை நீளும். அதனால் ஓய்வு பெற்றவர்களையும் நடக்கச் சிரமப்படுபவர்களையும் காலை 10 முதல் மதியம் 3 மணிக்குள் வையுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையையும் மாலையையும் விடுங்கள்.

ஒரு பயணத்துக்கு, போய்க் காத்திருந்து திரும்ப, ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். நடுநடுவே அரை மணி காலியாக விடுங்கள். ஆர்வத்தில் ஒன்பது பேரை ஒப்புக்கொண்டு, மூன்றாவது ஆளிடமே பின்தங்கி, மாலையில் இருவரை விட்டுவிடும் ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து பேரை ஒப்புக்கொண்டு ஐந்து பேரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்தான் எனக்கு வேண்டும்.

சாவடி மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது கடைசிப் பயணி வரிசையில் நிற்க வேண்டும். 2026இல் நவம்பர் 1ஆம் தேதி கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. இரண்டே நாள் கழித்துத் தேர்தல். முந்தின வாரம் வெளிச்சமாக இருந்த நேரம் அன்று இருட்டிவிடும். மாலைப் பயணிகளைக் கூட்டிவரக் கதவு வரை போங்கள், கையில் டார்ச் இருக்கட்டும்.

7. முந்தின நாள் ஒத்திகை

ஒவ்வொரு சாவடிக்கும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வழி தெரிய மேப் போதும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: மாற்றுத்திறனாளி நுழைவாயில் எந்தப் பக்கம், அங்கே கார் நிறுத்தி இறக்க முடியுமா, பள்ளிக்கூடமாக இருந்தால் பிள்ளைகள் விடும் நேரத்தில் எந்த வாசலை அடைத்துவிடுவார்கள்.

காரிலிருக்கும் கட்சி ஸ்டிக்கர், துண்டுப் பிரசுரம், சீட்டுக்கடியில் கிடக்கும் பழைய பேட்ஜ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரவு ஒவ்வொரு பயணிக்கும் ஒரு குறுஞ்செய்தி: உங்கள் பெயர், காரின் நிறம், வரும் நேரம், எடுத்துவர வேண்டிய அட்டை.

8. காரில் ஏற்றுவது

வீட்டை அடைந்ததும் ஹாரன் அடிக்காதீர்கள். இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, ஓரடி பின்வாங்கி நின்று பெயரைச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத ஆள் வாசலில் நிற்கும்போது தனியாக இருப்பவருக்கு அந்த இடைவெளி தேவை. வீட்டுக்குள் போக வேண்டாம். அட்டை பையில் இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள்.

வாக்கரோடு வருபவரை ஏற்ற ஒரு முறை உண்டு. காரை நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தாமல் ஒரு எட்டுத் தள்ளி நிறுத்துங்கள். விளிம்பின் மேல் நின்று உட்கார்ந்தால் இருக்கை பள்ளத்துக்குப் போய்விடும், முழங்கால் தாங்காது. முன் சீட்டை முடிந்த மட்டும் பின்னால் தள்ளி, சாய்மானத்தைச் சற்றுச் சாய்த்து, அந்தப் பெரிய பிளாஸ்டிக் பையை இருக்கையில் விரியுங்கள். அவர் காருக்கு முதுகைக் காட்டி, கால் பின்புறம் இருக்கையில் படும்வரை பின்னால் வந்து, முதலில் உட்காரட்டும். தலை இடிக்காமல் கதவின் மேல் விளிம்பில் உங்கள் கையை வையுங்கள். உட்கார்ந்த பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திரும்பினால், பை வழுக்கி உடம்பு சுலபமாகத் திரும்பும். திரும்பியதும் பையை உருவிவிட்டு பெல்ட்டைப் போடுங்கள்.

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "எப்படி உதவட்டும்?" என்று கேட்டுவிட்டு, உங்கள் முழங்கையை நீட்டுங்கள். பிடித்துக்கொள்வதும் விடுவதும் அவர் விருப்பம்.

9. காருக்குள் பேச்சு

யாருக்கு ஓட்டு என்று கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. அவர் ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டு வாருங்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றால், "இன்னைக்கு நான் டிரைவர் மட்டும்தாங்க" என்று சொல்லிவிடலாம். வானொலிச் செய்தியும் வேண்டாம். அவர் உங்கள் காரில், உங்கள் தயவில் வருவதாக உணரும் நேரம் அது. அந்த நிலையில் நீங்கள் சொல்லும் சாதாரணக் கருத்தும் அவருக்கு அழுத்தமாகவே படும்.

10. சாவடியில்

நுழைவாயிலில் இறக்கி, வரிசையில் சேர்த்த பிறகுதான் காரை நிறுத்தப் போக வேண்டும். நிற்க முடியாதவர் என்றால் தேர்தல் ஊழியரிடம் சொல்லி நாற்காலி கேளுங்கள். பல மாநிலங்களில் ஊழியர்களே சீட்டைக் காருக்குக் கொண்டுவருவார்கள். அந்த வசதி உண்டா, எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று முந்தின நாளே தெரிந்துகொள்ளுங்கள். அவர் காரில் ஓட்டுப் போடும் நேரத்தில் நீங்கள் இறங்கி விலகி நில்லுங்கள்.

படிக்கச் சிரமப்படுபவருக்கான வழி இது. ஓட்டுரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவின்படி, பார்வையின்மை, உடற்குறை, படிக்கவோ எழுதவோ இயலாமை ஆகியவற்றால் உதவி தேவைப்படுபவர், தான் தேர்ந்தெடுக்கும் ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம். அவருடைய முதலாளியோ, முதலாளியின் பிரதிநிதியோ, அவருடைய தொழிற்சங்கத்தின் நிர்வாகியோ, பிரதிநிதியோ மட்டும் கூடாது. அந்த ஒருவர் மகளாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், அவர் கேட்டால் நீங்களாகவும் இருக்கலாம். சில மாநிலங்களில் உதவுபவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

உள்ளே போனால் சீட்டில் இருப்பதை இருக்கிறபடியே தமிழில் சொல்லுங்கள். ஒரு வேட்பாளர் பெயரைக் குரலை உயர்த்தியும் மற்றதைத் தாழ்த்தியும் படிக்காதீர்கள். "நீயே ஒண்ணு சொல்லுப்பா" என்று கேட்பார்கள். "அது உங்க ஓட்டும்மா, நான் படிக்கிறேன், நீங்க சொல்லுங்க" என்று திரும்பப் படியுங்கள். அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிட்டாலும் சீட்டு செல்லும் என்பதையும் சொல்லலாம்.

11. சிக்கல் வந்தால்

பட்டியலில் பெயர் இல்லை என்றால் கிளம்பிவிடாதீர்கள். முதலில் இது சரியான சாவடிதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேறு சாவடி என்றால், நேரம் இருக்கும்வரை அங்கே போவதே நல்லது. சரியான இடம்தான், பெயர் மட்டும் இல்லை என்றால், தற்காலிக ஓட்டுச் சீட்டு வேண்டும் என்று வாக்காளரே கேட்கட்டும். 2002ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் அந்த உரிமையைத் தருகிறது. சீட்டின் நிலையைப் பிறகு பார்க்க ஒரு தாள் கொடுப்பார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டை காட்டச் சில நாள் அவகாசம் இருந்தால் அதற்கும் ஒரு பயணம் ஒப்புக்கொள்ளுங்கள்.

மூடும் நேரத்தில் வரிசையில் நிற்பவருக்கு ஓட்டுப் போட உரிமை உண்டு. யார் "நேரமாயிற்று" என்று சொன்னாலும் வரிசையை விட்டு விலகக் கூடாது. உங்கள் பயணிக்கு இதை இறக்கும்போதே சொல்லிவையுங்கள்.

ஊழியரோடு நீங்கள் வாக்குவாதம் செய்யாதீர்கள். உங்களை வெளியே அனுப்பினால் பயணி தனியாகிவிடுவார். எல்லைக்கு வெளியே வந்து, கட்சி சாராத உதவி எண்ணான 866-687-8683ஐ அழைத்துக் கேளுங்கள்.

12. திரும்பக் கொண்டுபோய் விடுவது

கொண்டுபோய் விட்டாயிற்று என்று அடுத்த ஆளை எடுக்கப் போய்விடுவது பெரிய தவறு. திரும்பும் வழி உறுதியாக இல்லை என்றால் பலர் வீட்டைவிட்டே கிளம்ப மாட்டார்கள். வரிசை மிக நீளமாகி நீங்கள் போயே ஆக வேண்டும் என்றால், வேறு ஓட்டுநரை ஏற்பாடு செய்து, அவர் பெயரையும் காரின் நிறத்தையும் பயணியிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வீட்டில் இறக்கியதும் அவர் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை நில்லுங்கள். பிறகு ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே வரியில் செய்தி: பெயரின் முதல் எழுத்து, முடிந்தது, நேரம். அடுத்த அழைப்பை உங்களுக்குத் தருவதா வேறொருவருக்குத் தருவதா என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

இரவு எல்லாம் முடிந்ததும் ஓட்டிய மைல்களைக் குறித்து வையுங்கள். தற்காலிக ஓட்டுப் போட்டவர்கள் பெயரை மட்டும் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிட்டு, பயணிகளின் முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ள பட்டியலை உங்கள் கைப்பேசியிலிருந்து அழித்துவிடுங்கள்.